வெள்ளைத் தட்டில் தெளிந்தது செம்மண்ணில் கரையுமா? செட்டிநாட்டு மண்ணில் பாஸ்போபாக்டீரியா பிரித்த பதிவு

காரைக்குடியைச் சுற்றிப் பல ஊர்களில் வீட்டுக்கு வானம் தோண்டினால் சில அடியிலேயே கடப்பாரை செம்பாறாங்கல்லில் மோதும். மழை காலங்காலமாகச் சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துக் கொண்டுபோனபின் மிஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள்தான் அந்தக் கல். அதன் தூளும் சரளையும்தான் மேலே உள்ள செவ்வல் மண். இந்த மண்ணில் போட்ட சூப்பர் பாஸ்பேட் சில வாரத்துக்குள் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பேட், மண்ணில் இருக்கும், வேருக்கு எட்டாது.

பாஸ்பேட்டைக் கரைக்கும் பாக்டீரியாவை, அதாவது பாஸ்போபாக்டீரியாவைப் பிரித்தெடுக்கும் செய்முறை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதில் தட்டில் ஊற்றுவது டிரைகால்சியம் பாஸ்பேட், வெள்ளைத் தூள். சுண்ணாம்பு மண்ணுக்கு அது பொருந்தும். நம் கொல்லையில் கட்டிப்போய்க் கிடப்பது கால்சியம் பாஸ்பேட் அல்ல, இரும்பு பாஸ்பேட். ஆகவே வழக்கமான தட்டோடு நிறுத்தாமல், அதில் தேறியவற்றை இரும்பு பாஸ்பேட்டிலும், பிறகு தொட்டியில் அதே செவ்வல் மண்ணிலும் வைத்துப் பார்த்ததே இந்தப் பதிவு. கருவிகள்: 5 லிட்டர் குக்கர், ஸ்பிரிட் விளக்கு, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பி.எச். மீட்டர், 1 மி.லி. பிப்பெட், கண்ணாடிக் குடுவைகள். ஆய்வகத் தரத்தில் தேவைப்பட்டது ரசாயனங்கள் மட்டும்.

மண் எடுத்தல்

மூன்று இடம்: பள்ளத்தூருக்கும் கோட்டையூருக்கும் இடையே மானாவாரிக் கடலைக் கொல்லை, ஒரு முந்திரித் தோப்பு, ஒரு கண்மாயின் உள்வாய். கடலையைப் பூக்கும் பருவத்தில், விதைத்து ஏறக்குறைய 35 நாளில் பிடுங்கினால் வேரைச் சுற்றி நுண்ணுயிர் நடமாட்டம் நன்றாக இருக்கும். செடியை மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்து, உதறி, உதறியும் விழாமல் வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் சுரண்டிச் சேர்க்க வேண்டும். உதிரும் மண் வேண்டாம். உரம் வைத்து 30 நாள் ஆகாத நிலத்தையும் விட்டுவிட வேண்டும்.

மாதிரியை வெயிலில் உலர்த்துவது பலர் செய்யும் தவறு. சத்துப் பரிசோதனைக்குத்தான் உலர்ந்த மண். உயிர் எண்ணிக்கைக்கு ஈரமாகவே புதுப் பாலித்தீன் பையில் காற்று கொஞ்சம் விட்டுக் கட்டி, ஈரச்சாக்கு சுற்றி, அன்றே தட்டில் போட வேண்டும். அன்று முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைக்கலாம். உறைய விடக் கூடாது.

பி.எச். பார்க்க 10 கிராம் மண்ணுக்கு 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அரை மணி நேரம் இடைவிட்டுக் கலக்கல். கடலைக் கொல்லை 5.8, முந்திரித் தோப்பு 5.4, கண்மாய் உள்வாய் 7.1. ஒரே ஊர் எல்லைக்குள் இத்தனை வித்தியாசம். உள்வாயில் வண்டல் படிகிறது, மேட்டில் சரளை நிற்கிறது. மணிச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது. அமில மண்ணுக்குப் பிரே முறை, நடுநிலை, கார மண்ணுக்கு ஓல்சன் முறை என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைத் தராது. முறையைக் குறிப்பிடாத முடிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

ஊடகம் காய்ச்சுதல்

தட்டில் பாக்டீரியாவுக்குத் தீனியாக ஊற்றுவது ஊடகம். பிகோவ்ஸ்கயா 1948-இல் தந்த ஊடகமே இன்னும் நடப்பில் உள்ளது. ஒரு லிட்டருக்கு: குளுக்கோஸ் 10 கிராம், டிரைகால்சியம் பாஸ்பேட் 5, அம்மோனியம் சல்பேட் 0.5, பொட்டாசியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் சல்பேட் 0.1, ஈஸ்ட் சாறு 0.5, அகார் 15 கிராம். மாங்கனீசு சல்பேட்டும் ஃபெரஸ் சல்பேட்டும் கத்தி நுனியில் எடுக்கும் அளவு. பி.எச். 7.0.

முதல் ஈடு கெட்டது மூன்று காரணத்தால். மூன்றுமே இந்த ஊடகத்தின் சுபாவம்.

ஒன்று, பாஸ்பேட் தூள் கட்டிகட்டியாகக் கிடந்தது. அப்படியே போட்டால் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும், பாக்டீரியா கரைத்ததா, முதலிலேயே அங்கே தூள் இல்லையா என்று தெரியாது. பீங்கான் கல்வத்தில் மாவாக அரைத்து, கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகுதான் சேர்க்க வேண்டும். இன்னும் சீரான வெண்மை வேண்டுமானால் தூளையே விட்டுவிட்டு, 10 சதவீத டைபொட்டாசியம் பாஸ்பேட் கரைசல் 50 மி.லி., 10 சதவீத கால்சியம் குளோரைடு கரைசல் 100 மி.லி. இரண்டையும் தனித்தனியே கிருமிநீக்கி, சூடான ஊடகத்தில் அடுத்தடுத்து ஊற்றலாம். பால் திரிவதுபோல் மெல்லிய வீழ்படிவு வரும். பி.எச். இறங்கிவிடும், திரும்ப 7-க்கு ஏற்ற வேண்டும்.

இரண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் வைத்ததில் ஊடகம் தேநீர் நிறத்துக்குப் போனது. குளுக்கோஸ் பாஸ்பேட்டோடும் ஈஸ்ட் சாற்றோடும் சேர்ந்து வெந்தால் கருகும், அமிலமும் உண்டாகும். குளுக்கோஸை 20 சதவீதக் கரைசலாகத் தனிக்குப்பியில் 10 நிமிடம் மட்டும் வைத்து, கடைசியில் 50 மி.லி. சேர்ப்பது சரி.

மூன்று, தட்டில் ஊற்றும்போது முதல் நான்கு தட்டுகள் நீர்மோர் போலவும் கடைசி இரண்டு தயிர் போலவும் வந்தன. பாஸ்பேட் அடியில் தங்கியதால்தான். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் குடுவையை நுரை வராமல் சுழற்ற வேண்டும். ஊடகம் 45 டிகிரிக்குக் குளிர்ந்து, கையில் பிடிக்கக்கூடிய சூட்டில், கொஞ்சம் கெட்டிப்படத் தொடங்கும் நேரத்தில் ஊற்றினால் தூள் அடியில் இறங்குமுன் உறைந்துவிடும். 9 செ.மீ. தட்டுக்கு 20 மி.லி., உயரம் 3 மி.மீ. இந்த 3 மி.மீ. முக்கியம். பாக்டீரியாக் கூட்டத்தை (காலனி) சுற்றிப் பாஸ்பேட் கரைந்த இடம் தெளிவளையமாகத் தெரியும். தட்டு மெல்லியதாக இருந்தால் அது பெரிதாகத் தோன்றும், ஒப்பிட்டுப் பேச முடியாது.

வீட்டுக் குக்கர் பற்றி ஒரு சொல். வெயிட் போட்டபின் உள்ளே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தம், 120 டிகிரி அளவுக்கு வெப்பம் வரும், ஆகவே வேலைக்கு ஆகும். விசிலை எண்ணக் கூடாது. விசில் அடிக்கும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து குடுவைக்குள் ஊடகம் பொங்கிப் பஞ்சடைப்பை நனைக்கும். நனைந்த பஞ்சு பூஞ்சணத்துக்கு வாசல். வெயிட் போடுமுன் மூடித் துளை வழியே ஆவி 5 நிமிடம் தாராளமாக வரட்டும், உள்ளிருக்கும் காற்று வெளியேறாவிட்டால் வெப்பம் ஏறாது. பிறகு வெயிட் போட்டு, சிம்மில் 20 நிமிடம். குடுவையில் பாதிக்கு மேல் ஊடகம் கூடாது. தானாக ஆறியபின்தான் திறக்க வேண்டும்.

நீர்த்தலும் தட்டில் பரப்புதலும்

10 கிராம் ஈரமண்ணை 90 மி.லி. கிருமிநீக்கிய நீரில் 10 நிமிடம் குலுக்கினால் பத்தில் ஒன்று. அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. நீரில் விட்டால் நூறில் ஒன்று. இப்படியே லட்சத்தில் ஒன்று வரை. ஒவ்வொரு படிக்கும் புதுப் பிப்பெட். சிக்கனம் பார்த்து ஒரே பிப்பெட்டை ஓட்டினால் கடைசித் தட்டில் எண்ணிக்கை பல மடங்கு பொய்யாகும். ஆயிரத்தில், பத்தாயிரத்தில், லட்சத்தில் ஒன்று ஆகிய மூன்றிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து, இரண்டிரண்டு தட்டுகளில் கண்ணாடிக் கோலால் பரப்பியது.

வேலை நடந்தது பழைய வீடொன்றின் இரண்டாங்கட்டு அறையில். தடித்த சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் அறை வெப்பத்தை ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருக்கும், நுண்ணுயிர் வளர்க்க அது நல்லது. ஆனால் வளவு திறந்த முற்றம். அங்கிருந்து வரும் காற்றில் தூசியும் பூஞ்சணமும் ஏராளம். கதவு, சன்னல், மின்விசிறி எல்லாம் அடைத்து அரை மணி கழித்து, ஈரத்துணியால் மேசை துடைத்து, ஸ்பிரிட் விளக்கின் சுடரிலிருந்து ஒரு சாண் சுற்றுக்குள் தட்டைத் திறந்து மூடுவதுதான் பாதுகாப்பு. பரப்பாமல் விட்ட ஒரு தட்டையும் ஐந்து நிமிடம் திறந்து வைத்து மூடி, மற்றவற்றோடு வைக்க வேண்டும். அதில் என்ன முளைக்கிறதோ அது அறையின் சொத்து.

தட்டுகளைக் கவிழ்த்து 28 முதல் 30 டிகிரியில் வைக்க வேண்டும். சித்திரை வைகாசியில் அறை 36-ஐத் தொடும், அகார் ஓரம் சுருங்கும். மூடியுள்ள மண்பானையை ஈரமணலில் புதைத்துத் தட்டுகளை உள்ளே அடுக்கினால் சில டிகிரி இறங்கும்.

மூன்றாம் நாள் முதல் தெளிவளையம் தெரியத் தொடங்கியது. ஏழாம் நாள் அளந்தது. அளவுகோல்: காலனியின் விட்டத்தையும் வளையத்தோடு சேர்ந்த மொத்த விட்டத்தையும் கூட்டி, காலனி விட்டத்தால் வகுப்பது. காலனி 4 மி.மீ., மொத்தம் 11 மி.மீ. என்றால் 15-ஐ 4-ஆல் வகுத்து 3.75. தட்டை கறுப்புத் துணிமேல் வைத்துப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தால் ஓரம் துல்லியமாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய வளையம் போட்டது பாக்டீரியா அல்ல, கறுப்பு வித்துள்ள ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம். சிட்ரிக், ஆக்சாலிக் அமிலங்களைச் சுரப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதன் வித்து அறையெல்லாம் பரவும், மூச்சுக்கும் கேடு. அப்படிப்பட்ட தட்டைத் திறக்காமலே குக்கரில் போட வேண்டும்.

80 டிகிரிச் சல்லடை

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகரக் கூடாது. பாஸ்பேட் கரைக்கும் மண் பாக்டீரியாக்களில் சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா, என்டிரோபாக்டர், செர்ரேஷியா இனங்கள் சர்வசாதாரணம். இவற்றில் சில புண்ணிலும் நுரையீரலிலும் நோய் உண்டாக்கும். மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா தமிழ்நாட்டு வயல் மண்ணிலும் காணப்பட்டதுதான். "வளையம் நன்றாக இருக்கிறது" என்று பெயர் தெரியாத ஒன்றை லிட்டர் கணக்கில் பெருக்கி வயலில் தெளிப்பது விவேகமல்ல.

ஒரு சல்லடை உண்டு. பத்தில் ஒன்று மண்கரைசலை 80 டிகிரி நீரில் 10 நிமிடம் வைத்தால் வித்து உண்டாக்கும் பாசில்லஸ் வகைகள் மட்டும் பிழைக்கும், மேற்சொன்னவை மடியும். குழாயை நீரில் வைத்த நொடியிலிருந்து நேரம் எண்ணக் கூடாது. அதே அளவு நீருள்ள இன்னொரு குழாயில் வெப்பமானியை நிறுத்தி, அது 80-ஐத் தொட்டபின் எண்ண வேண்டும். எங்கள் அடுக்கில் நான்கு நிமிடம் பிடித்தது. வணிகப் பாஸ்போபாக்டீரியாவில் பெரும்பாலும் இருப்பது பாசில்லஸ் மெகாடீரியம். அதுவும் வித்துக் கட்டும் இனமே, ஆகவே இந்தச் சல்லடையில் பயன் கெடாது. ஆனாலும் பாசில்லஸ் சீரியஸ் போன்ற நஞ்சு சுரக்கும் உறவினரும் 80 டிகிரியைத் தாண்டி வரும். எனவே 16எஸ் மரபுவரிசை பார்த்துப் பெயர் உறுதியாகும்வரை எதுவும் தொட்டிக்கு வெளியே போகக் கூடாது. கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு, கழிக்கும் தட்டுகளுக்குக் குக்கரில் 40 நிமிடம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் அன்று எழுத்து வேலை பார்க்கலாம்.

சல்லடைக்குப் பின் நின்றவற்றில் ஐந்தை மூன்று முறை கோடிழுத்துத் தனிக்காலனியாக்கி வைத்துக்கொண்டது. பதிவில் முக்கியமாக வருபவை இரண்டு: கடலைக் கொல்லையின் க-3, முந்திரியின் மு-2. க-3-இன் குறியீடு மேலே சொன்ன 3.75. மு-2 மெல்லிய வளையம்தான், 2-ஐக் கொஞ்சமே தாண்டியது. தட்டை மட்டும் பார்த்திருந்தால் மு-2 குப்பைக்குப் போயிருக்கும்.

இரும்பில் வைத்துப் பார்த்தது

ஏன் இந்தப் பாடு? கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் கரையும். குளுக்கோஸைத் தின்று குளுக்கோனிக் அமிலம் விடும் எந்த பாக்டீரியாவும் தட்டில் வளையம் போட்டுவிடும். இரும்பு பாஸ்பேட் அப்படியல்ல. அமிலம் கூடக்கூட இரும்பு ஆக்சைடின் பரப்பு பாஸ்பேட்டை இன்னும் இறுகப் பிடிக்கும். பி.எச். 5.4 உள்ள மண்ணை மேலும் புளிக்க வைப்பதில் லாபமில்லை. அங்கே வேண்டியது இரும்பைக் கவ்வி இழுக்கும் சிட்ரேட், ஆக்சலேட், மாலேட் போன்ற கரிம அயனிகள். அவை இரும்பின் மேல் பாஸ்பேட் உட்கார்ந்த இடத்தில் தாங்கள் போய் உட்கார்ந்து அதைக் கிளப்பிவிடும். அமிலம் விடுவதும் கவ்வி இழுப்பதும் வேறு வேறு திறமை.

அகார் இல்லாத அதே ஊடகம், 250 மி.லி. குடுவையில் 100 மி.லி. ஒரு தொகுதியில் டிரைகால்சியம் பாஸ்பேட் 0.5 கிராம், மற்றொன்றில் நீரேறிய இரும்பு பாஸ்பேட் 0.6 கிராம். முன்னதில் பாஸ்பரஸ் 20 சதவீதம், பின்னதில் 16.6 சதவீதம், ஆகவே இரண்டிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பரஸ் சமமாகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று வகைக் குடுவை: பாக்டீரியா இட்டது, இடாதது, இடாமல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். இறக்கியது. மூன்றாவதுதான் நியாயம் சொல்லும் குடுவை. பாக்டீரியாக் குடுவையின் பி.எச்.சை அன்றாடம் பார்த்து, அதே எண்ணுக்கு இதையும் இறக்கிக்கொண்டே வர வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு கரைந்தால் பாக்டீரியா செய்தது அமிலம் மட்டும். கூடுதலாகக் கரைந்தால் கவ்வும் பொருளும் சுரக்கிறது.

இரும்பு பாஸ்பேட்டைக் குக்கரில் வைத்ததும் பி.எச். சரிந்தது. திரும்ப ஏற்ற சோடியம் ஹைட்ராக்சைடு விடும்போது கை தவறி ஒரு குடுவையில் 9-க்கு மேல் போனது. உடனே அமிலம் விட்டுச் சரிசெய்தாலும் அந்தக் குடுவையைக் கழித்தாக வேண்டும். காரத்தில் இரும்பு பாஸ்பேட் சிதைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறும், பாஸ்பேட் தானே வெளிவரும், பாக்டீரியாவின் கணக்கில் அது ஏறிவிடும். நூறில் ஒரு பங்காக நீர்த்த காரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

குலுக்கி இல்லை. நாளைக்கு நான்கு முறை கையால் சுழற்றியதுதான். பாசில்லஸுக்குக் காற்று வேண்டும், அடியில் தூளோடு உறங்கவிட்டால் வேலை நடக்காது. ஏழு நாள்.

நீலம் பார்த்தல்

கரைந்த பாஸ்பேட்டை அளக்க மர்பியும் ரைலியும் 1962-இல் தந்த மாலிப்டினம் நீலமுறை. 12 கிராம் அம்மோனியம் மாலிப்டேட் 250 மி.லி. நீரில், 0.2908 கிராம் ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட் 100 மி.லி. நீரில். இரண்டையும் ஒரு லிட்டர் 5 நார்மல் கந்தக அமிலத்தில் சேர்த்து மொத்தம் 2 லிட்டராக்குவது. அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. இந்தக் கரைசல் குளிரில் மாதக்கணக்கில் நிற்கும். பயன்படுத்தும் அன்று 200 மி.லி.க்கு 1.056 கிராம் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்க வேண்டும், ஒரு நாளுக்கு மேல் அது ஆகாது. 50 மி.லி. குடுவையில் மாதிரியோடு 8 மி.லி. விட்டு, நீரால் நிரப்பி, 15 நிமிடத்தில் நீலம் பார்க்கலாம். ஒப்பீட்டுக்கு 0.439 கிராம் மோனோபொட்டாசியம் பாஸ்பேட் ஒரு லிட்டரில் கரைத்தால் 100 பி.பி.எம். பாஸ்பரஸ். அதை நீர்த்து, கடைசிக் குடுவையில் 0 முதல் 1 பி.பி.எம். வரை 0.2 இடைவெளியில் ஆறு குழாய். நிறமானி இருந்தால் 882 நானோமீட்டர். இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் பின்னணியில் கண்ணாலும் இரண்டு குழாய்களுக்கு இடையே நிறுத்திவிட முடியும்.

முதல் முறை வெறும் நீர்க் குழாயே நீலமாகி நின்றது. துணி சோப்புத்தூளால் கழுவிய குடுவைகள், அந்தத் தூளில் பாஸ்பேட் இருந்திருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசியபின் தெளிந்தது. இரண்டாவது தொல்லை வடிகட்டல். சாதாரண வடிதாளில் நுண்தூள் நழுவி வரும், நீலக்கரைசலில் உள்ள கந்தக அமிலம் அதையும் கரைத்து அளவைப் பெருக்கும். வாட்மன் 42 தாளில் இருமுறை வடித்து, பின்னால் அச்செழுத்தை வைத்துப் பார்த்தால் மங்கல் இல்லாமல் தெரிய வேண்டும். கால்சியம் தொகுதியை ஐந்நூறு மடங்காவது நீர்க்காமல் இட்டால் நீலம் கறுத்து ஒன்றும் புரியாது.

கண்டது இது. கால்சியம் தொகுதியில் க-3 குடுவையின் பி.எச். நான்காம் நாளில் 4.1, நீலம் எல்லாவற்றிலும் அடர்த்தி. இரும்புத் தொகுதியில் அதே க-3, அமிலம் மட்டும் விட்ட குடுவையோடு பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சொல்ல முடியாத நீலம். மு-2 கால்சியத்தில் நடுத்தரம், பி.எச். 4.9-க்குக் கீழே போகவில்லை. இரும்பில் அமிலக் குடுவையைவிடத் தெளிவாக அடர்ந்தது. இரண்டாம் முறை செய்தபோதும் வரிசை மாறவில்லை. முந்திரித் தோப்பின் 5.4 மண்ணில், இலைச்சருகுக்கு அடியில் வாழ்ந்தது இரும்போடு மல்லுக்கட்டப் பழகியிருப்பதில் வியப்பில்லை.

தொட்டி

குடுவையில் லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் விருந்து. மண்ணில் அது கிடையாது. அதனால் குடுவை முடிவைக் கொல்லைக்குத் தூக்கிப் போகாமல் தொட்டியில் நிறுத்தியது.

5 கிலோ கொள்ளும் பை, சரளை சலித்த 5.8 மண், வம்பன் ரக உளுந்து, ஒவ்வொரு பிரிவிலும் நான்கு பை. மண்ணை வேகவைத்துக் கிருமிநீக்குவது வழக்கம், இங்கே செய்யவில்லை. வெந்த மண்ணில் மாங்கனீசு பெருகும், வேருக்கு உதவும் வேர்ப்பூசணமும் அழியும், அது மண்ணே அல்ல. எல்லாப் பைக்கும் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியா ஒரே மாதிரி, இல்லாவிட்டால் தழைச்சத்துக் குறை நடுவில் புகுந்து குழப்பும். மேல் 15 செ.மீ. மண் எக்டேருக்கு 22.4 லட்சம் கிலோ என்று கொண்டால், எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்பது 5 கிலோ பைக்கு 112 மி.கிராம். 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டாக 0.7 கிராம், 18 சதவீதப் பாறை பாஸ்பேட்டாக 0.62 கிராம்.

பிரிவுகள்: ஒன்றும் இடாதது, மு-2 மட்டும், கொன்ற மு-2 மட்டும், பாறை பாஸ்பேட்டும் 50 கிராம் மக்கிய தொழுவுரமும் மு-2-வும், அதே இரண்டோடு கொன்ற மு-2, சூப்பர் பாஸ்பேட். கொன்றது என்றால் அதே வளர்ப்பைக் குக்கரில் 20 நிமிடம் வைத்தது. வளர்ப்பு நீரிலேயே பாஸ்பேட்டும் ஈஸ்ட் சத்தும் உண்டு. அதை ஊற்றிய செடி ஊற்றாத செடியைவிடத் தழைத்தால் பாராட்டு யாருக்கு என்று இந்தப் பிரிவு இல்லாமல் தெரியாது. பல செயல்விளக்கத் திடல்களில் விட்டுப்போவது இதுதான். பாசனத்துக்கு மழைநீர். ஆழ்குழாய் நீரின் பைகார்பனேட் மண்ணின் பி.எச்.சை மெல்ல ஏற்றிவிடும்.

பூக்கும் பருவத்தில் பிடுங்கி, வேரைக் கழுவி, நிழலில் வாடவைத்துப் பின் 65 டிகிரியில் உலர்த்தி எடை. இலையின் பச்சையை நம்பக் கூடாது. மணிச்சத்துக் குறைந்த செடி வெளிறாது, சிறுத்து, கரும்பச்சையாக நிற்கும், பார்ப்பவர் செழிப்பு என்று நினைப்பார்.

சூப்பர் பாஸ்பேட் பை முதலிடம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. மு-2 மட்டும் இட்ட பையும் கொன்றதை மட்டும் இட்ட பையும் தராசில் பிரியவில்லை. கட்டிக் கிடக்கும் மணிச்சத்தும் சொற்பம் என்றால் பாக்டீரியா எதைக் கரைக்கும்? பாறை பாஸ்பேட்டும் தொழுவுரமும் சேர்ந்த இடத்தில்தான் உயிருள்ளதும் கொன்றதும் பிரிந்தன. வேர் எடையிலும் வேர்முடிச்சின் எண்ணிக்கையிலும் உயிருள்ளது முந்தியது. தொழுவுரம் பாக்டீரியாவுக்குத் தீனி, அது மக்கும்போது வரும் கரிம அமிலங்கள் இரும்பைக் கவ்வவும் கூட்டாளி. நான்கு பை என்பது சிறு எண்ணிக்கை, விகிதம் சொல்லப் போதாது.

கொல்லைக்கு இடும்போது

மு-2-வின் பெயர் உறுதியாகும்வரை கொல்லைக்குப் பொட்டலப் பாஸ்போபாக்டீரியாதான். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி நிலத்தில் இட எக்டேருக்கு 2 கிலோ, அதாவது ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் நான்கு. 10 கிலோ தொழுவுரம், 10 கிலோ மணலோடு கலந்து விதைக்குமுன் சால் ஈரத்தில் இட வேண்டும். வெயிலில் தூவிவிட்டு மாலையில் உழலாம் என்றால் பாதி செத்துப்போகும். உளுந்துக்கு விதைநேர்த்தி சுலபம்: ஆறிய அரிசிக்கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி அன்றே விதைப்பு. பூஞ்சணக்கொல்லி இடுவதானால் அது 24 மணி நேரம் முன்பே. கடலைக்கு ஈர நேர்த்தி தோதாக வராது. தோல் நெகிழ்ந்து உரிந்தால் முளைப்பு கெடும், நிலத்தில் இடுவதே மேல். நெல் நாற்றுக்கு எக்டேருக்கு 1 கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்து வேரை நனைக்கலாம்.

சாம்பல், யூரியா, சூப்பர் பாஸ்பேட் எதோடும் ஒரே கூடையில் கலக்கக் கூடாது, ஒரு வார இடைவெளி வேண்டும். 200 லிட்டர் டிரம்மில் வெல்லம் போட்டு ஒரு பொட்டலத்தைப் "பெருக்குவது" இப்போது பரவியிருக்கிறது. திறந்த டிரம்மில் வெல்லப்பாகை முதலில் பிடிப்பது ஈஸ்ட்டும் புளிப்புப் பாக்டீரியாவும். நுரை வரும், மணம் வரும், பாசில்லஸ் வந்ததா என்று தட்டில் பரப்பிப் பார்த்தால் வளையமில்லாக் காலனிகள்தான் நிறையும்.

பொட்டலம் வாங்கும்போது இனப்பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள் மூன்றும் அச்சில் இருக்க வேண்டும். தூள் வகைக்கு ஆறு மாதம் ஆயுள். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் கடையில் அந்த ஆறு மாதத்துக்கு மதிப்பில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு தூளில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மி.லி.க்கு 10 கோடி உயிர்செல். தெளிவளையம் 3 மி.மீ. ஊடகத்தில் குறைந்தது 5 மி.மீ. ஊடகம் கைவசம் இருந்தால் சரிபார்க்க ஒரு வாரம் போதும். 1 கிராம் தூளை 9 மி.லி. நீரில் தொடங்கி லட்சத்தில் ஒன்றுக்கு நீர்த்து 0.1 மி.லி. பரப்பினால், தரமான தூள் ஏறக்குறைய 50 காலனி காட்டும். ஐந்தாறு மட்டும் வந்தால் நீர்த்தலைத் திரும்ப ஒரு முறை செய்து பார்த்து, அப்போதும் அதே கதை என்றால், பொட்டலத்தின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.